குழாய்க்குள் இருந்த தோல்

எங்கள் வீட்டுக் குழாய்க்குள் மாட்டுத்தோல் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் என் கணவரின் அண்ணன். ஊரைவிட்டுக் கப்பலேறி வந்து நாங்கள் குடியிருந்த சிராங்கூன் சாலையில் டிராம் வண்டி ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. அவர் அங்கே புண்ணாக்கும் வைக்கோலும் விற்றுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மாலை வரை மாட்டுக்காரர்களோடுதான் பேச்சு, பேரம் எல்லாம். ஆனாலும் தோல் என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

நடந்தது இவ்வளவுதான். வீட்டுச் சொந்தக்காரர் புதிதாகப் போட்டுக்கொடுத்த குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. சரிசெய்ய வந்த ஆள் அதைக் கழற்றி, உள்ளேயிருந்து காசளவு வட்டமாக எதையோ நோண்டி எடுத்துக் கீழே போட்டார்.

"இது என்னப்பா?" என்று கேட்டார் கணவரின் அண்ணன்.

"வாசருங்க. தோல்ல செஞ்சது. இது இல்லேன்னா தண்ணி நிக்காது."

"என்ன தோலு?"

அந்த மனிதர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "மாட்டுத்தோலுதாங்க" என்று சொல்லிவிட்டு, புதிதாக ஒன்றை வைத்து முடுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து குழாய்த் தண்ணீர் கால் கழுவவும் முற்றம் கழுவவும் மட்டும். குடிக்க, சமைக்க, சாமிக்கு வைக்க, எல்லாவற்றுக்கும் பின்கட்டுக் கிணறு. அந்தக் கிணற்றுக்கும் பக்கத்து மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. மழை பெய்தால் கொட்டகையில் ஓடுவதெல்லாம் கிணற்றடியில்தான் வந்து தேங்கும். இரண்டு நாளைக்குத் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். அதைத் துணியில் வடிகட்டினால் சுத்தம், குழாய்த் தண்ணீர் தீட்டு! இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய் வருவதற்கு முந்தைய வருடம்தான் என் மூத்த பையன் வாந்திபேதியில் போனான். இரண்டு வயது. ஒருநாள் காலையில் ஆரம்பித்தது, மறுநாள் விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. பிறகு கிணறுகளைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இதைக் குடிக்காதீர்கள் என்று சொல்லிப் போனார். இப்போது எட்டு மாதத்தில் ஒரு மகள். தாய்ப்பாலோடு தண்ணீரும் கொடுக்கத் தொடங்கியிருந்த நேரம். இவளையும் அந்தக் கிணற்றுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

அந்தக் காலத்தில் கணவரின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று, சுவரையோ பூனையையோ பார்த்துச் சொல்ல வேண்டும். நானும் பூனையிடம் சொன்னேன்.

"புள்ளைக்கு மட்டும் பைப்பு தண்ணி எடுத்துக்கலாமான்னு கேக்குறேன்."

"பையன் போனது விதி. தண்ணி மேல பழியப் போட வேணாம்னு சொல்லு" என்றார் அவரும் பூனையிடம். துறைமுகத்தில் மூட்டை எண்ணிவிட்டு வந்த களைப்பில் என் கணவர் பாயை விரித்துப் படுத்துவிட்டார். களைப்பில்லாத நாளிலும் அண்ணன் முன்னால் அவருக்கு வாய் கிடையாது.

கேட்டுப் பயனில்லை என்றானபின் கேட்பதை விட்டேன். வீட்டுக்குப் பெரியவரான அண்ணன் கடைக்குப் போனதும் எல்லாக் குடங்களையும் குழாயிலேயே பிடித்து வைத்தேன். பிள்ளைக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே. அதைத் திருட்டுத்தனம் என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, சாப்பிட்டு முடித்துச் செம்பை அண்ணாந்து காலி செய்துவிட்டு அவர் சொன்னார்: "என்ன இருந்தாலும் கிணத்துத் தண்ணி ருசி வருமா!" நான் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அகப்பட்டுக்கொண்டேன். கடைச் சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவர், குழாயடியில் குடமும் கையுமாக என்னைப் பார்த்துவிட்டார். ஒரே உதை. குடம் முற்றத்தின் மூலை வரை உருண்டது.

"என் ஆசாரத்தையே குட்டிச்சுவராக்கிட்டா! இந்த வீட்ல இவ இருக்கணுமா, நான் இருக்கணுமா?" என்று என் கணவரைப் பார்த்துக் கத்தினார். அன்று வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த கணவர் உருண்ட குடத்தை எடுக்கப் போனார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பூனையைத் தேடவில்லை. பெரியவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

"ஊர்ல மாடு கட்டிக் கெணத்துல கவலை எறைச்சீங்களே மாமா, அந்தத் தண்ணி மொள்ளுற சாலு எதுல தச்சது? தோல்லதானே? அந்தத் தண்ணியில வெளஞ்சதத்தானே தின்னீங்க? கோயில்ல அடிக்கிற மேளத்துக்கு என்ன கட்டியிருக்கு, வாழை மட்டையா? மூணு வாரமா பைப்பு தண்ணிதான் குடிக்கிறீங்க. ஒடம்புக்கு என்ன வந்துச்சு?"

அதோடும் நான் விடவில்லை. கிணற்றில் ஒரு வாளி இறைத்து, செம்பில் மொண்டு, மகளையும் தூக்கி வந்து அவர் முன்னால் உட்கார வைத்தேன்.

"இந்தாங்க. உங்க கையால இவளுக்குக் குடுங்க. குடுத்துட்டீங்கன்னா நான் இனி அந்தக் குழாயத் தொடல."

செம்பை வாங்கிவிட்டார். பிள்ளை அதைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டியது. தட்டிவிடத் தயாராகத்தான் நான் நின்றேன். அவர் செம்பைச் சட்டென்று பின்னுக்கு இழுக்க, தண்ணீர் வேட்டியில் சிந்தியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்குப் பய தாகம் தாகம்னு கெடந்தான். நான்தாம்மா மொண்டு மொண்டு குடுத்தேன். இந்தத் தண்ணியத்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிணறு கெட்டது என்று ஒப்புக்கொண்டால், பையன் வாயில் அதை ஊற்றியது யார் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். தோல் ஒரு சாக்கு. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் செம்பை அவர் கையிலிருந்து பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

"நானுந்தான் குடுத்தேன் மாமா. பால் மறந்த நாள்லேருந்து தெனம் குடுத்தேன். தெரியாம குடுத்தோம். தெரிஞ்சே இவளுக்குக் குடுக்க என்னால ஆவாது."