வல்லைவெளியில் மட்டும் கதைக்கிற மனிதர்

என் கணவர் பஞ்சலிங்கம் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை கதைப்பார் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்வேன். ஓம். இல்லை. சோத்தைப் போடும். விளக்கை நூரும், படுப்பம். அவ்வளவுதான். கரவெட்டியிலிருந்து அச்சுவேலிக்குச் சைக்கிள் மிதித்துப் போய் ஒரு சங்கத்தில் கிளாக்கர் வேலை பார்த்தார். இருபத்தாறு வருடம், ஒரே மேசை. கலியாணம் பேசும்போதே மாப்பிள்ளை அமைதியானவர் என்றுதான் சொன்னார்கள். பாலேஸ்வரிக்கு, அதாவது எனக்கு, வாய் கொஞ்சம் நீளம் என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இருந்த கொஞ்சப் பேச்சும் தொண்ணூறாம் ஆண்டு நின்றது. எங்கள் ஒரே மகன் கேதீஸ், பதினேழு வயது, ஒரு விடியற்காலை போராட இயக்கத்துக்குப் போய்விட்டான். நான் கிணற்றடியால் வந்து பார்க்க ஆள் இல்லை. போனதைவிட, சொல்லாமல் போனதுதான் என்னை அரித்தது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற அளவுக்கு நான் அவனுக்கு என்ன செய்தேன்? கடைசியாக எதற்கு அவனை ஏசினேன் என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன். அவரிடம் கேட்டால் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். இரண்டு வருடமாக மகனின் பெயர் அவர் வாயில் வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூற்றிரண்டு ஆடியில் அவர் காய்ச்சலில் நாலு நாள் படுத்தார். வெள்ளிக்கிழமை காலை வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. போய்ப் பார்த்தால், கரியரில் கருவாட்டுப் பெட்டியோடு ஒரு மனிதர். வெள்ளிக்கிழமை, சைவ வீட்டு வாசலில் கருவாடு. இன்றைக்கு என்ன நாள் என்று தெரியாதோ என்று நன்றாகக் கொடுத்தேன்.

அந்த மனிதர் சைக்கிளை ஒழுங்கையின் மற்றப் பக்கம் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்தார். விற்க வரவில்லையாம். வல்லைவெளியில் அண்ணையை நாலு நாளாகக் காணவில்லையாம். அண்ணையின் பெயர் தெரியாதாம். வாசலில் இரட்டைப் பலா நிற்கிற வீடு என்று அவர் கதையோடு கதையாகச் சொன்னாராம்.

கதையோடு கதையாகவா? என் மனிசனா?

அச்சுவேலிக்குப் போகிற வழியில் கிடக்கிற வல்லைவெளியில் மருந்துக்கும் மரம் கிடையாது. ஆடிக்காற்று சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளும். ஆமியின் ஹெலி வந்து சுட்டால் ஒதுங்க இடமில்லை. அதனால் முன்பின் தெரியாதவர்களும் அங்கே ஒன்றுசேர்ந்து, பயம் தெரியாமல் இருக்கக் கதைத்துக்கொண்டே மிதிப்பார்கள். மற்ற இடமென்றால் எங்கள் ஆட்கள் முதலில் எவடம் என்று ஊரைக் கேட்பார்கள், அடுத்ததாக ஆற்றை மோன் என்று தகப்பனைக் கேட்பார்கள். அதோடு ஆளை எடைபோட்டு முடித்துவிடுவார்கள். அந்தக் காற்றில் அதற்கெல்லாம் மூச்சு இருக்காது. வந்தவர் யாகப்பு, குருநகர்க்காரர். அங்கே சண்டையால் கடலுக்குப் போக முடியாததால் பருத்தித்துறைப் பக்கம் வந்திருந்து, கருவாடு வாங்கி அச்சுவேலிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். எட்டு மாதமாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மிதிக்கிறார்களாம்.

என்னதான் கதைப்பார் என்று கேட்டேன்.

"உங்கடை பிள்ளை, தம்பியின்ரை கதைதான் அக்கா. சின்னனிலை நீந்தப் பழக்கினது, அடுப்பிலை கை சுட்டது, எல்லாம் எனக்குப் பாடம்."

பொய் சொல்வானேன், எனக்குப் பொறாமைதான். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று அந்த மனிதரிடமே கேட்டுவிட்டேன். யாகப்பு தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்கடை முகத்தைப் பாத்தால் அவருக்கு வாய் வருகுதில்லையாம். தம்பிக்கும் உங்கடை முகம்தானாம். ஒரு விசயம் கிடக்கு அக்கா. அதை அவர்தான் உங்களுக்குச் சொல்லவேணும்."

பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். என் குணத்துக்கு அப்போதே உள்ளே போய் அவரை உலுக்கிக் கேட்டிருக்க வேண்டும். படுத்திருந்தவர் என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பினார். கேட்காமல் விட்டேன்.

அடுத்த கிழமை அவர் வேலைக்கு வெளிக்கிட்டபோது, அச்சுவேலியில் தங்கச்சியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கரியரில் ஏறி இருந்தேன். வல்லைப் பாலத்தடியில் நின்ற யாகப்பு எங்களைக் கண்டதும் கையைக் காட்டிவிட்டு முன்னே மிதித்துப் போய்விட்டார்.

வல்லைவெளியில் காற்று முகத்தில் அறைந்தது. நான் அவருடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். பாதி தூரத்தில் அவர் கதைத்தார்.

"அவன் அண்டைக்கு என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனவன்."

காற்றில் எனக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"'போட்டு வாறன் அப்பா, அம்மாட்டையும் சொல்லிவிடுங்கோ' எண்டவன். ரியூசன் வகுப்புக்கு எண்டு நினைச்சு நான் பேப்பரிலையிருந்து தலை நிமிரேல்லை. எந்த முகத்தோடை உமக்குச் சொல்லுறது?"

இரண்டு வருடம். எனக்கென்று பிள்ளை விட்டுப்போன சொல்லை எடுத்து ஒளித்து வைத்திருந்திருக்கிறார். அடிக்கக் கை ஓங்கினேன். அவருடைய முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. ஓங்கின கையால் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ," என்றேன். "அவன் சொன்னமாதிரியே சொல்லுங்கோ."

சொன்னார். அச்சுவேலி வரும்வரை சொல்லிக்கொண்டே மிதித்தார்.