செம்பூர் வீட்டு ஸ்பீக்கர்

என் மகன் செம்பூர் வீட்டில் வாங்கி வைத்திருக்கும் ஸ்பீக்கரைப் பார்த்தால் யாருக்கும் அது ஸ்பீக்கர் என்று தெரியாது. சாம்பல் நிறத் துணி சுற்றி, மூன்று மரக்காலில் நிற்கும். நான் முக்காலி என்று நினைத்து அதன்மேல் என் பையை வைத்துவிட்டேன். மருமகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அத்தே, உங்க மவனோட மூணு மாசச் சம்பளத்து மேல பைய வச்சிருக்கீய. நீங்களே சொல்லுங்க, இந்த வெல தகுமா?”

“இவளுக்கு மிக்ஸி சத்தந்தான் பாட்டு,” என்றான் மகன். “நீ கேட்டுப் பாரும்மா, அப்புறம் சொல்லு.”

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் என்ன சொல்ல?

அன்று என் வீட்டுக்காரருக்குத் திதி. ஆறு வருஷமாகத் தாராவியில் எங்கள் வீட்டில்தான் படைப்போம். இந்த வருஷம் மகன் செம்பூருக்குக் கூப்பிட்டுவிட்டான். இலை போட்டுப் படைத்ததும், அவர் கடைசியாக அனுப்பிய குரலைப் போனில் ஒரு தடவை போட்டுக் கேட்பது எங்கள் வழக்கம்.

அப்போது அவர் சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். தீபாவளி நேரம், மாட்டுங்கா வீடுகளுக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு, போனை எடுக்கவில்லை. அதனால் குரலை அனுப்பியிருந்தார். “நான் நல்லாருக்கேன். நீ இன்னைக்கு வர வேண்டாம். முறுக்கப் பாரு.” நான் போகவில்லை. சாயங்காலம் போய்விட்டார்.

‘அவரே வேண்டாம்னு சொல்லிட்டாரே, நீ என்ன செய்வ’ என்று எல்லாரும் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் இருந்தேன்.

“அப்பா குரல இதுல கேப்போம்மா,” என்று மகன் அதை ஸ்பீக்கரில் போட்டான்.

அவர் அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். போனில் அது தெரிந்ததே இல்லை. ‘முறுக்கப் பாரு’ என்பதற்குப் பிறகு போனில் கரகரவென்று ஏதோ சத்தம் வந்து நின்றுவிடும். ஸ்பீக்கரில் அது பேச்சாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் போலிருக்கிறது, “பீவி ஆயேகி?” என்று, பெண்டாட்டி வருவாளா என்று இந்தியில் கேட்டார். “ஆயேகி, ஆயேகி,” என்றார் இவர். வருவாள், வருவாள்.

சாப்பிடும்போது அவர் ‘போதும்’ என்றால் நான் இன்னொரு கரண்டி போடுவேன். பேசாமல் சாப்பிடுவார். காய்ச்சலில் ‘டாக்டர் வேண்டாம்’ என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். நாற்பது வருஷம் அவர் வேண்டாம் என்று சொன்ன எதையும் நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு நாள்தான் கேட்டேன்.

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் போய் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான்.

“நாளைக்கே திருப்பிக் குடுத்துடுதேம்மா.”

“எதுக்குல? அது என்ன செஞ்சது? நல்ல சாமான்தான்,” என்றேன். இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

விலை தகுமா என்று மருமகள் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் பழைய போன் போதும் என்றிருப்பேன். ஆனால் தாராவிக்கு வந்து அந்தப் போனில் போட்டுப் பார்த்தேன். இப்போது அந்தக் கரகரப்பிலும் ‘ஆயேகி’ என்றுதான் கேட்கிறது.