முள்ளில்லாத சொந்தங்கள்

கடல் மண்ணை அரிச்சுப் பூச்சி புழு பிடிச்சு, கொழும்பிலை ஆராயிற ஆக்களுக்கு அனுப்புற உத்தியோகத்திலை, நாள் முழுக்கக் கதைக்க ஒரு ஆள் கிடைக்காது. தூர இடத்துக்கு மாற்றம் கிடைச்சுத் தனியச் சோறு காய்ச்சினவைக்கு என்ரை பாடு விளங்கும். ஐம்பதுகளின்ரை கடைசி அது. கலியாணம் முடிச்ச கையோடை என்னை முல்லைத்தீவுக்கு அனுப்பினாங்கள். மனுசி யாழ்ப்பாணத்திலை. அவா வந்து என்னோடை இருக்க வேணும், வேறை ஒரு ஆசையும் எனக்கு இல்லை.

மோதிரம்

நான் தேடினது அம்பியொக்சஸ் எண்ட ஒரு கடல் பிராணி. விரல் நீளம் வராது, கண்ணாடி மாதிரி உடம்பு, மண்ணுக்கை புதைஞ்சு கிடக்கும். கரையிலை குந்தி அரிதட்டாலை அரிப்பன், ஒண்டும் இராது, கொட்டுவன், திரும்ப அள்ளுவன். அந்தக் கரையிலை கரைவலை போடுற முதலாளி, சம்மாட்டியார், கன நாளாய்ப் பாத்துக்கொண்டிருந்திட்டு, ஒருநாள் வலை இழுத்த ஆக்களையும் கூட்டிவந்து என்னோடை மண் கிளற விட்டார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. போகேக்கை கறிக்கு ரெண்டு மீனும் தந்து சொன்னார்:

"துலைஞ்ச கலியாண மோதிரத்துக்கு இந்தப் பாடு படுறியள் தம்பி, உங்கடை மனுசி குடுத்து வச்சவா."

சொந்தம்

கடைசியிலை ஒண்டு அகப்பட்டுது! சந்தோசத்தைச் சொல்ல ஆளில்லை. அதைப் போட்ட போத்திலோடை பக்கத்து ஊர் தண்ணீரூற்றுக்கு, நான் சாமான் வாங்கிற முஸ்லிம் கடைக்காரர் நானாவிட்டையே போனன்.

"தலையைக் காணேல்லை?" எண்டார் நானா.

"தலையும் இல்லை, முள்ளும் இல்லை. முதுகு நீளத்துக்கு ஒரு நாண் மட்டும். அந்த நாண் இருந்த இடத்திலைதான் மீனுக்கும் எங்களுக்கும் முள்ளந்தண்டு வந்தது. இது எங்கடை பூட்டன் இல்லை நானா, ஒண்டுவிட்ட சொந்தம்."

அவர் போத்திலைத் திருப்பித் தந்தார்.

"சொந்தக்காரரைத் தேடிப் பிடிக்கவும் சம்பளம் குடுக்கிறாங்களே? எனக்கு அதுகள் சும்மாவே வந்து நிக்குதுகள்."

கதிரை

ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மனுசி வந்து இறங்கினா, உடுப்புப் பெட்டியோடை! எனக்குத் தலைகால் தெரியேல்லை. அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு போத்திலாய்க் காட்டினன். கல்லிலை பை மாதிரி ஒட்டிக் கிடக்கிற ஒரு பிராணி, குஞ்சிலை நீந்தித் திரியேக்கை அதுக்கும் அந்த நாண் இருக்குமாம், ஒட்டினாப் பிறகு இல்லாமல் போயிடுமாம் எண்டு சொல்லிக்கொண்டே போனன். அவா பெட்டியைக் கீழை வைக்காமல் நிண்டா. மேசை, அலுமாரி, இருந்த ஒரேயொரு கதிரை, எல்லாத்திலையும் போத்தில். பிராணியள் பழுதாகாமல் ஊத்திற போமலின் மருந்து மணம் வேறை. பின்னேர பஸ்ஸுக்கு வெளிக்கிடேக்கை சொன்னா:

"உங்கடை சொந்தங்கள் எல்லாத்துக்கும் இடம் குடுத்து வச்சிருக்கிறியள், எனக்கு இருக்க ஒரு கதிரை இல்லையே?"

கோடி கோடி வருசத்துச் சொந்தத்தை மண்ணுக்கை கண்டுபிடிச்ச நான், வீட்டுக்கு இன்னொரு கதிரை வேணுமெண்டதை பஸ் போனாப் பிறகுதான் கண்டுபிடிச்சன்.