தனியாக நின்ற கரும்புச் சால்

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த கையோடு, சங்கராபுரத்துக்கு மேற்கே ஒரு கரும்பு வயலில் ஆரம்பித்தது இது. அந்த மாசத்தில் விடியும்போது கல்வராயன் மலையே இருக்காது. பனி முழுங்கிவிடும். பக்கத்தில் வெட்டுகிறவரின் கத்திச் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. யாருடைய கனவுக்குள்ளோ நுழைந்து கரும்பு வெட்டுகிற மாதிரி இருக்கும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எங்கள் வெட்டு செட்டில் பன்னிரண்டு பேர். மேஸ்திரி ஒரு அக்கா. எனக்குக் கத்தியை விட வாய்தான் கூர்மை. செட்டில் என் வாயில் விழாத ஆள் கிடையாது, மேஸ்திரி அக்கா உட்பட.

அதில் ஓர் அண்ணன் இருந்தார். நாற்பது வயசு இருக்கும். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று வீட்டை விட்டுப் போய் வருஷக்கணக்கில் திரிந்தவர். கள்ளக்குறிச்சியில் வைத்தியம் பார்த்துத் தேறி வந்தார். மற்றவர்கள் வேலை தரப் பயந்தபோது மேஸ்திரி அக்காதான் சேர்த்துக்கொண்டார். தினமும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும். போட்டால் காலையில் கண் திறக்காது. நாங்கள் பொழுது விடியும் முன்பே வெட்ட ஆரம்பித்தால், அவர் எட்டு மணிக்குத்தான் வருவார்.

வெட்டும்போது ஆளுக்கொரு சால், அதாவது ஒரு வரிசை. பிந்தி வருகிறவரின் சாலை மற்றவர்கள் தொடக் கூடாது என்பது செட்டின் பழக்கம். சுற்றிலும் எல்லாம் வெட்டிச் சாய்ந்திருக்க, அவர் வரிசை மட்டும் பூத்த கரும்போடு பனியில் மிதந்துகொண்டு நிற்கும். பார்க்க அழகுதான். நான் அதையா பார்த்தேன்?

"அண்ணே, ஒங்க சாலு தனியா நின்னுக்கினு அழுவுது. ஒரு பொண்ணு பாத்துக் கட்டி வெச்சிடலாமா?" என்பேன். ஒருநாள் அந்த வரிசைக்கு மாலை கட்டிப் போட்டேன். செட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். அதனால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறு வாரம் அவர் எல்லோருக்கும் முந்தி வந்து வயலில் நின்றார். தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாக்கா, டாக்டரால ஆவாதத என் வாயி பண்ணிச்சி" என்று மேஸ்திரி அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. "அவரு மூஞ்சியப் பாரு. தூங்கன மூஞ்சியாடா அது?" என்றார்.

நான் பார்க்கவில்லை. அவர் வெட்டாமல் நின்று, கரும்பின் காய்ந்த சோகை இலைகள் உரசுவதைத் தலை சாய்த்துக் கேட்பதைக்கூட விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

ஒரு காலை அவர் வரவில்லை. அவர் மனைவிதான் ஓடி வந்தார், கையில் ஒரு டப்பா. உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

"போட்டுக்கினேன்னுதான் சொன்னாரு. மாத்தர போட்டா காலைல எழுந்திருக்க முடியல, பசங்க சிரிக்கறாங்கன்னு நேத்துதான் வாய் தொறந்தாரு. இப்ப ஆளக் காணோம்க்கா. மறுபடியும் மொதல்லேர்ந்தா? என்னால முடியாதுக்கா..."

'பசங்க' என்று சொன்னாரே, அது ஒரே ஒரு பையன்தான். எல்லோருக்கும் தெரியும். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

லோடு லாரி வந்து நிற்கிற நேரம். மேஸ்திரி அக்கா கத்தியைக் கீழே போட்டார். "கரும்பு எங்கயும் போவாது. கெளம்புங்க" என்றார். ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தோம். மலைக்குப் போகும் பஸ்ஸில் அவரைப் பார்த்ததாக டீக்கடையில் சொன்னார்கள். அக்காவைப் பின்னால் உட்கார வைத்து என் வண்டியை மேலே விட்டேன்.

வளைவுக்கு வளைவு பனி கூடியது. ரோடு எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. "அண்ணே, அண்ணே" என்று கத்தினேன். கத்தியது வெள்ளைக்குள் போனது, திரும்பி வரவில்லை.

ஒரு மரவள்ளித் தோட்டத்து ஓரத்தில், மலைக்காரர் ஒருவரின் குடிசை வாசலில் அடுப்பருகே அண்ணன் உட்கார்ந்திருந்தார். தோளில் அந்த வீட்டுக் கம்பளி, கையில் சாமைக் கஞ்சி.

"தோட்டத்துக்குள்ள நின்னு தனியா பேசிக்கினு இருந்தாரு. குளுரு ஒதறிச்சி. கூட்டியாந்து ஒக்கார வெச்சோம்" என்றார் வீட்டுக்காரர். யார், எந்த ஊர், ஏன் என்று எதுவும் கேட்டிருக்கவில்லை.

நான் அண்ணன் காலருகே உட்கார்ந்து, "நான்தாண்ணே தப்பு" என்றேன். அவர் என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி ஆஸ்பத்திரி. மூன்று வாரம். மனைவி கூலியை விட்டுக் கூட இருந்தார். செட்டில் ஆள் மாற்றி ஆள் சாப்பாடு கொண்டுபோனோம். காலைத் தூக்கம் பற்றி மேஸ்திரி அக்கா டாக்டரிடம் பேச, அவர் மாத்திரையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார். அப்போதும் விடியற்காலை வேலை ஆகாது என்றார். அக்கா அண்ணனிடமே கேட்டார்: "நீயே சொல்லுப்பா, இன்னா வேல தோதுப்படும்?"

"எட்டு மணிக்கு மேல கட்டு கட்டறேங்க்கா."

அன்றோடு செட்டின் பழக்கம் மாறியது. அவர் சாலை எல்லோரும் பங்கு போட்டு வெட்டிவிடுவோம். அவர் வந்து எல்லோருக்கும் கட்டுக் கட்டுவார்.

நான் திருந்திவிட்டேன். அளவுக்கு மேலேயே. "வாங்கண்ணே, ஒக்காருங்கண்ணே" தவிர வேறு பேச்சில்லை. மற்றவர்களும் அவர் முன்னால் குரலைத் தாழ்த்தினார்கள். நாலாவது நாள், கட்டை இறுக்கிக்கொண்டே அவர் கேட்டார்.

"இன்னாடா, வாயில கொழக்கட்டையா?"

"இல்லண்ணே..."

"எல்லாரும் சாவு வூட்டுக்கு வந்தவங்க மாரி பாக்கறாங்க. மாத்தரயப் பத்திப் பேசாத, அவ்ளோதான். மத்ததுக்கு நான் ஆளில்லியா? நீகூடப் பேசலன்னா, நான் இன்னும் மலை மேலயே ஒக்காந்திருக்கற மாரி இருக்குதுடா."

அவர் கட்டிய கட்டைப் பார்த்தேன்.

"அண்ணே, இது கரும்புக் கட்டா, கல்யாணப் பொண்ணு ஜடையா? இவ்ளோ இறுக்கனா லாரிக்காரன் அவுக்கறதுக்குள்ள சக்கர ஆயிடும்."

அவர் சிரித்தார். தூரத்தில் மேஸ்திரி அக்கா, "ஆரம்பிச்சிட்டான்டா" என்றார். பனி விலகிக்கொண்டிருந்தது.

அவர் இன்றும் எங்கள் செட்டில்தான் இருக்கிறார். நானும் இன்றும் கிண்டல்காரன்தான். ஆனால் வாயைத் திறக்கும் முன், இந்தச் சிரிப்பு அவரை எங்கள் நடுவில் உட்கார வைக்குமா, எழுந்து போக வைக்குமா என்று ஒரு மூச்சு நின்று பார்க்கிறேன்.