அவள் தயங்கிய இடம்

“காப்பி எடுத்தாச்சா? எடுத்தாச்சு. சரி, கை வை.” கேட்பதும் பதில் சொல்வதும் அவரே. அதற்குப் பிறகுதான், பாட்டின் வேகத்தை மாற்றுவதே வேலை என்பதால் நாங்கள் டெம்போ சார் என்று கூப்பிடும் அவர் மவுஸைத் தொடுவார். திரையில் நாற்பது நிமிட மேடை நாடகத்தின் இசை வரிவரியாகப் படுத்துக் கிடக்கிறது. வேகம் மாறும் இடங்கள் மட்டும் அறுபத்து மூன்று. டைரக்டர் ஏதாவது ஒரு இடத்தைக் காட்டி, “இங்க கொஞ்சம் ஓட்டமா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். கணினி வாசிக்கும் வாத்தியங்கள் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடும். ஆள் பாடிப் பதிந்த குரலோ பாடிய வேகத்தில்தான் வரும். அதை இழுத்தோ சுருக்கியோ ஒட்டவைப்பது சாரின் பாடு.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால், பழையது அழியாமலிருக்க ஒரு காப்பி, அதாவது நகல். ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு பெயர். ‘டைரக்டர் கோபம் 4’, ‘டைரக்டர் சமாதானம்’, ‘மறுபடி கோபம்’. பாட்டெழுதப் போகும் நான் சிரித்தால், “சிரிங்க சிரிங்க. நான் பட்டது எனக்குத்தான் தெரியும்” என்பார்.

இரண்டு வருடம் முன்பு இதே அறையில் அவர் மனைவி ஒரு பாட்டுப் பாடினார். மகளை வழியனுப்பும் தாயின் பாட்டு. ‘போய் வா’ என்ற சொல்லுக்கு முன் சற்றே தயங்கி, அப்புறம் மெல்ல இறங்கினாராம். வயலின்கள் ஏற்கெனவே நிமிடத்துக்கு அறுபத்தெட்டுத் தட்டு என்ற வேகத்தில் தயாராக இருந்தன. அவற்றை அவருக்காகக் காத்திருக்க வைப்பது அரைமணி நேர வேலை. சாருக்குச் சோம்பல். மனைவியின் குரலைச் சுருக்கி அறுபத்தெட்டுக்குள் அடைத்தார். நம் வீட்டுக் குரல்தானே என்ற அலட்சியத்தில் காப்பி எடுக்காமலே சேமித்தும் விட்டார்; அவர் பாடிய அசல் அதோடு அழிந்தது.

கேட்டவர்கள் எல்லாரும் கச்சிதம் என்றார்கள். மனைவி மட்டும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “நல்லாதாங்க இருக்கு. பாடினது யாரு?” என்று கேட்டார். சண்டை கிண்டை எதுவும் போடவில்லை. ஆனால் அன்றோடு பாட்டை விட்டவர்தான், பாத்திரம் தேய்க்கும்போதுகூட ஒரு வரி பாடுவதில்லை.

சார் அந்தக் குரலைப் பழையபடி இழுத்துப் பார்க்கிறார், இதுவரை முப்பத்தோரு முறை. “அவ எவ்ளோ நேரம் தயங்கினான்னு மறந்துபோச்சுங்க. ஊரார் குரலையெல்லாம் கேட்டேன், அவளைக் காது கொடுத்துக் கேக்கல.”

“மன்னிப்புக் கேட்டீங்களா?” என்றேன்.

“கேட்டேன். ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ன்னுட்டா. அதுதாங்க பயமா இருக்கு.”

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

நேற்று மத்தியானம் அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, தன்னை அறியாமல் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். இசையை ஓட்டப்போன சார் விரலை எடுத்துவிட்டார். சாருடைய முழங்கால் பழக்கதோஷத்தில் அந்த மெட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்தது. இரண்டு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.