பீரோக் கதவில் ஒட்டிய நட்சத்திரங்கள்

இது நடந்து ரெண்டு வருசம் ஆகுது. முக்கூடல்ல, எங்க வீட்டுல. என் மக அப்போ ரெண்டாம் வகுப்பு படிச்சா. இன்னைக்கு நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்தப் பள்ளிக்கூடத்து மேல பாதிக் கோவம், என் மேலயே பாதிக் கோவம். இதுல எது கூடன்னு எனக்கே தெரியல. படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

நான் திருநெல்வேலியில ஒரு ஜவுளிக்கடையில சேலைப் பிரிவுல நிக்கேன். வேலை பாக்கேன்னு சொல்லாம நிக்கேன்னு ஏன் சொல்லுதேன்னா, அங்க ஸ்டூல் போட்டிருக்காங்களே தவிர, உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு பார்வை பாப்பாரு பாருங்க, அதுக்கு நின்னுக்கிட்டே செத்துப்போகலாம். காலையில எட்டு மணி பஸ்ஸப் பிடிச்சா, வீடு வந்து சேர ராத்திரி எட்டாயிரும். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுதாரு. சாயங்காலம் பிள்ளை வேன்ல வந்து இறங்குனா, அடுத்த வீட்டுல பீடி சுத்துத எங்க மதினிதான் நான் வார வரைக்கும் பாத்துக்கிடுவாங்க.

காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாலயே வயித்து வலி ஆரம்பிச்சிட்டு. ராத்திரி சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது, "யம்மா, வயித்த முறுக்குது"ன்னு சுருண்டு படுத்துருவா. தொப்புளைச் சுத்திக் கையை வச்சு அமுக்கிக்கிடுவா. சில நாள் ஓங்கரிப்பா, ஆனா வாந்தி வராது. கொஞ்ச நேரம் துடிச்சுட்டு அப்படியே தூங்கிருவா. விடிஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு வேனுக்கு நிப்பா. வாரத்துல மூணு நாள், நாலு நாள் இதே பாடு.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. வயித்துல பூச்சின்னு ஒருத்தங்க. புளிச்ச மாவுன்னு ஒருத்தங்க. கண்ணு பட்டிருக்கும், மிளகாயும் உப்பும் சுத்திப் போடுன்னு ஒருத்தங்க. பாக்கெட்டுல அடைச்ச கண்டதையும் தின்னா வலிக்காம என்ன செய்யும்னு கடைக்கார அண்ணாச்சி. அந்தப் பாக்கெட்டை வித்ததே அவருதான்! எங்க மதினி ஒரு படி மேல போயி, "ராத்திரி எட்டு மணிக்கு வந்து, அவசரத்துல என்னத்தப் பொங்கிப் போடுதியோ"ன்னாங்க. எந்தக் காரணமா இருந்தாலும் கடைசியில அது என் தலையிலதான் வந்து விழும். பிள்ளைக்கு ஒண்ணுன்னா முதல்ல தாயை விசாரிக்கது நம்ம ஊரு பழக்கம்லா.

சரின்னு எல்லாத்தையும் செஞ்சேன். பூச்சி மாத்திரை குடுத்தேன். ஓம வாட்டர் குடுத்தேன். தொக்கம் எடுக்கதுன்னு எங்க பக்கம் ஒண்ணு உண்டு. வயித்துல என்னமோ சிக்கியிருக்குன்னு சொல்லி, வயித்துல குழலை வச்சு உறிஞ்சி எடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை பாத்துக் கூட்டிட்டுப் போனேன். எடுக்கிற அம்மா ஒரு சுருள் முடியைக் காட்டி, "இதுதான் உள்ள கிடந்தது, இனி பயமில்ல"ன்னாங்க. கும்பிட்டுட்டு வந்தேன். பஸ்ஸுல பாதி வழியிலதான் உறைச்சுது, அது நரைச்ச முடி. எங்க வீட்டுல நரைச்ச தலையே கிடையாது. திங்கக்கிழமை ராத்திரி வலி திரும்ப வந்துட்டு.

இதுக்கு நடுவுல எனக்கு இருந்த ஒரே சந்தோசம் என்ன தெரியுமா? ஸ்டார். அந்த வருசம் பள்ளிக்கூடத்துல புதுசா ஒழுக்க அட்டைன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. ஜூன் மாசம் பெற்றோர் கூட்டத்துல தலைமை ஆசிரியை மைக்கைப் பிடிச்சு, "வகுப்பு நேரத்துல இடத்தை விட்டு எழுந்திரிக்காம ஒழுங்கா இருக்கிற பிள்ளைக்கு, ஒரு நாளைக்கு ஒரு ஸ்டார்"னு சொன்னாங்க. அத்தனை பேரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாவே தட்டினேன். என் மக ஸ்டாரா வாங்கிக் குவிச்சா. அட்டை நிறைஞ்சதும் வீட்டுக்குக் குடுத்து விடுவாங்க, நான் அதைப் பீரோக் கதவுல ஒட்டி வைப்பேன். வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம், "எம்மவ வகுப்புலயே முதல் ஸ்டார்"னு பீத்திக்கிடுவேன். தண்ணி பாட்டில் மட்டும் காலையில குடுத்து விட்டபடியே நிறைஞ்சு திரும்பி வரும். பள்ளிக்கூடத்துக் குழாயில குடிச்சிருப்பான்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

காலாண்டு லீவு வந்துது. அத்தனை நாளும் பிள்ளைக்கு ஒரு வலி இல்ல. பள்ளிக்கூடம் திறந்த நாலாம் நாள் ராத்திரி, திரும்ப வயித்தைப் பிடிச்சுக்கிட்டா. என் வீட்டுக்காரர் பெரிய துப்பறியுத ஆளு மாதிரி சொன்னாரு: "ஏட்டி, லீவுல ஒரு நாளாச்சும் வலிச்சுதா? பள்ளிக்கூடம் திறந்ததும் வந்துட்டுல்லா? நடிக்கா. நீ செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க."

அன்னைக்குக் கடையில விசேஷ நாள் கூட்டம். பகல் பூராவும் சேலையை உதறி உதறிக் காட்டி, என் கை ரெண்டும் விட்டுப்போயிருந்தது. அவரு சொன்னது எனக்குள்ள ஏறிட்டு. "நாடகமா போடுத?"ன்னு பிள்ளை முதுகுல ரெண்டு போட்டேன். அவ அழக்கூட இல்ல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தா. பீரோவுல ஒட்டின அத்தனை ஸ்டாரும் அவளுக்கு நேரே மினுங்குச்சு.

என்னால அன்னைக்குத் தூங்க முடியல. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிட்டு, பாளையங்கோட்டையில ஒரு குழந்தை டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவங்க கண்டிப்பான ஆளு. எடை பாத்து, சிறுநீர் டெஸ்ட் எடுத்து, வயித்தை அங்கன இங்கன அமுக்கிப் பாத்தாங்க. இடது பக்கம் அடிவயித்துல அமுக்கினதும் கையை நிறுத்திட்டு என்னைக் கூப்பிட்டு, "இங்க தொட்டுப் பாருங்க"ன்னாங்க. தொட்டேன். கல்லு மாதிரி இருந்தது. பிள்ளை அத்தனையையும் வயித்துக்குள்ள கட்டி வச்சிருக்கா.

"பாப்பா, ஸ்கூல்ல பாத்ரூம் போவியா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "மாட்டேன். போனா ஸ்டார் போயிரும்"னா.

டாக்டரம்மா பைய ஒவ்வொண்ணாக் கேக்கக் கேக்க எல்லாம் வெளிய வந்துது. வகுப்பு நேரத்துல ஒண்ணுக்குக் கேட்டு எழுந்திரிச்சாலும் அன்னைக்கு ஸ்டார் கிடையாது. இடைவேளையில போலாம்னா, பொம்பளைப் பிள்ளைக அத்தனைக்கும் சேர்த்து ரெண்டே ரெண்டு கக்கூஸ், அதுலயும் ஒண்ணுல தாழ்ப்பாள் இல்ல. பெரிய வகுப்புப் பிள்ளைக போயிட்டு வரதுக்குள்ள மணி அடிச்சிரும். அதனால என் மக ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கா. தண்ணியே குடிக்கதில்ல.

"நாள் பூரா அடக்குனா மலம் காஞ்சு இறுகிரும். அப்புறம் போகும்போது வலிக்கும். வலிக்குதேன்னு வீட்டுலயும் அடக்கும். ராத்திரி சாப்பிட்டதும் குடல் தள்ளப் பாக்கும், வழி இல்லாம முறுக்கும்"னு டாக்டரம்மா விளக்கினாங்க. ராத்திரி வயித்து வலி எல்லாமே இதுனாலதான்னு முடிவு கட்டிரக் கூடாதுன்னும் சொன்னாங்க. சில பிள்ளைக்குப் பால் சேராது, சிலதுக்கு சிறுநீர்த் தொற்று இருக்கும், சிலதுக்கு மனசுல உள்ள பயமே வயித்துல வந்து நிக்கும். எடை குறைஞ்சாலோ, ரத்தம் போனாலோ, விடாம வாந்தி எடுத்தாலோ, காய்ச்சலோட வலி கூடுனாலோ, வலது பக்கமா இறங்கிக் குத்துனாலோ ஒரு நாளும் தள்ளிப் போடாம ஓடி வரணுமாம். எங்களுக்கு மலத்தை இளக்குத மருந்து எழுதித் தந்து, சாப்பிட்டதும் பத்து நிமிசம் கக்கூஸ்ல, காலுக்கு ஒரு மணை போட்டு நிதானமா உக்கார வைக்கணும்னாங்க. "மாசக்கணக்குல ஆகும். மருந்தைப் பாதியில நிறுத்தாதீங்க. முக்கியமா, பிள்ளையைத் திட்டாதீங்க."

திட்டவா? நான் அடிச்சேனே.

அந்த நாற்காலியில உக்காந்திருக்கும்போதே எனக்கு இன்னொண்ணு ஞாபகம் வந்துட்டு. ஜூன் மாசமே இவ எங்கிட்டச் சொல்லியிருக்கா. "யம்மா, அங்கன கதவு பூட்ட முடியல, எனக்குக் கூச்சமா இருக்கு"ன்னு. அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்போ வீட்டுக்கு வந்து போ மக்கா. அம்மா கடையில நாள் பூரா அடக்கிக்கிட்டுதான நிக்கேன்? நீயும் பழகிக்க. நாளைக்கு வேலைக்குப் போனா இதெல்லாம் வேணும்லா."

எங்க கடையில நாலாவது மாடியிலதான் எங்களுக்குப் பாத்ரூம். போகணும்னா சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி நோட்டுல பேரு எழுதணும். ஆம்பளை கையில அந்த நோட்டு. அதுக்கு வெக்கப்பட்டு, தண்ணியே குடிக்காம எட்டு வருசம் ஓட்டியிருக்கேன். அதை ஒரு கெட்டிக்காரத்தனம்னு நினைச்சு, பெத்த பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன். பள்ளிக்கூடம் ஸ்டார்தான் குடுத்துச்சு, பாடம் நடத்துனது நான்.

மறுநாள் பீரோவுல இருந்த அட்டையையெல்லாம் பிச்சு எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். தலைமை ஆசிரியை பதறவே இல்ல. "மத்த பிள்ளைங்கல்லாம் நல்லாத்தானம்மா இருக்கு? உங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் வலிக்கி? இந்தத் திட்டத்துக்கு மீட்டிங்ல நீங்களும்தானே கைதட்டுனிய?"ன்னு கேட்டாங்க.

"ஆமா மேடம், தட்டினேன். அதே கையால முந்தாநாள் பிள்ளையையும் அடிச்சேன். ரெண்டுக்கும் சேர்த்துதான் இன்னைக்கு வந்திருக்கேன்"னேன். அவங்க ரூமுக்குப் பக்கத்துலயே அவங்களுக்குன்னு ஒரு பாத்ரூம், பூட்டு போட்டு, வாசல்ல மிதியடி போட்டு இருந்தது. அதைப் பாத்ததும் இன்னும் ஏறிட்டு. "அதுக்குப் போகாம ஒரு நாள் இருந்து பாருங்க, நான் உங்களுக்கு ஸ்டார் ஒட்டுதேன்"னு சொல்லிட்டேன். சொன்னது தப்புதான். ஆனா இன்னைக்கு வரைக்கும் வருத்தப்படல.

வெளிய வந்தா, பின்னாலயே வகுப்பு டீச்சர் ஓடி வந்தா. சின்னப் பொண்ணு, புதுசா வேலைக்குச் சேர்ந்தவ. "எக்கா, எங்களுக்கும் இடைவேளை தவிர விடமாட்டாவ. நானும் மதியம் வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன்"னு காதோட சொன்னா. எனக்கு அவளைத் திட்டணும்னு இருந்த கோவமெல்லாம் அப்படியே வேற பக்கம் திரும்பிட்டு.

சாயங்காலம் வரைக்கும் கேட்டுலயே நின்னேன். பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்த தாய்மாரை ஒவ்வொருத்தியா மறிச்சு, "ஒங்க பிள்ளைக்கு ராத்திரி வயிறு வலிக்கா?"ன்னு கேட்டேன். ஒருத்தி மூணு தடவை பூச்சி மாத்திரை குடுத்தாளாம். ஒருத்தி மகளுக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து போகுதாம். இன்னொருத்தி, "எங்களுக்கும் தொக்கத்துல முடிதான் வந்துது"ன்னா. அந்தக் கோவத்துலயும் நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். மறுநாள் காலையில ஆபீஸ் ரூமுக்குள்ள நாங்க ஏழு பேரு போனோம். மத்த பிள்ளைங்கல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு அன்னைக்கு அவங்க சொல்லல.

ஸ்டார் அந்த வாரமே நின்னுட்டு. கேட்டா எப்பவும் அனுப்பணும்னு டீச்சர்மாருக்குச் சொன்னாங்க. தாழ்ப்பாளுக்கு மட்டும், "நிர்வாகத்துல கேக்கணும், ஆள் வரணும்"னு இழுத்தாங்க. என் வீட்டுக்காரர் சனிக்கிழமை ஆட்டோவுல இருந்த ஸ்க்ரூ டிரைவரையும் ஒரு தாழ்ப்பாளையும் எடுத்துக்கிட்டு, என்னையும் மகளையும் கூட்டிக்கிட்டு, வாட்ச்மேன்கிட்டச் சொல்லிட்டு உள்ள போனாரு. மாட்டி முடிச்சதும் மகளைக் கூப்பிட்டு, "உள்ள போயி போட்டுப் பாரு மக்கா"ன்னாரு. உள்ள இருந்து, "போட்டுட்டேன்பா! நீங்க தள்ளிப் பாருங்க"ன்னு சத்தம் வந்தது. அவரு கதவைத் தள்ளிப் பாத்தாரு. அப்புறம் தோள்ல கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் தொடச்சுக்கிட்டாரு. நடிக்கான்னு சொன்ன மனுசன், அப்படியாச்சும் தொடைக்கட்டும்னு விட்டுட்டேன்.

வலி உடனே நிக்கல. குறைஞ்சு குறைஞ்சு, பொங்கலுக்கு அப்புறம்தான் சுத்தமா நின்னுது. ஆனா மருந்து ஆரம்பிச்ச அந்த முதல் வாரத்துலயே ஒரு நாள், மணையில காலை வச்சு உக்காந்துக்கிட்டு எங்கிட்டக் கேட்டா: "யம்மா, ஒங் கடையிலயும் ஸ்டார் குடுக்காவளா?"

"இல்லியே மக்கா, ஏன்?"

"பெறவு நீ ஏன் அடக்குத?"

மறுநாள் கடையில, கூட்டம் இருக்கும்போதே, எல்லார் முன்னாலயும் பாட்டிலைத் திறந்து தண்ணி குடிச்சேன். நோட்டுல பேரு எழுத மாட்டேன்னேன். சூப்பர்வைசர் கத்துனாரு. என்கூட நிக்கிற நாலு பொண்ணுகளும் பாட்டிலைத் திறந்தாங்க. ரெண்டு மாசம் இழுபறிக்கு அப்புறம் அந்த நோட்டு காணாமப் போச்சு.

இப்பவும் நான் ராத்திரி வீட்டுக்குள்ள காலை வச்சதும், நாலாம் வகுப்பு படிக்கிற என் மக கேக்க முதல் கேள்வி, "யம்மா, இன்னைக்குப் போனியா?"ன்னுதான். எட்டு வருசமா எனக்காகப் போடத் தெரியாத சண்டையை, அந்தக் கேள்விக்கு "ஆமா மக்கா"ன்னு பொய் இல்லாமச் சொல்லணும்கிறதுக்காகத்தான் நான் போட்டேன்.