குதிரை வாந்தி எடுக்காது

2007 ஜூலை 14, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். செகந்திராபாத்தை அடுத்த உப்பலில் தூறல். குடை பிடிக்கும் அளவுக்கு இல்லை, மூக்குக் கண்ணாடியை நிமிடத்துக்கு ஒரு தரம் துடைக்கும் அளவுக்கு இருந்தது. அப்போது நான் டாக்டர் வீட்டு வாசலில் நின்று, முப்பத்து மூன்று நாட்களில் பதினொரு வீடுகளைச் சுற்றி முடித்த ஒரு நாவலைத் திரும்ப வாங்கினேன்.

சுற்று என்று நாங்கள் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற மறு வருடம், 1999இல், செகந்திராபாத்திலும் அக்கம்பக்கத்திலும் இருந்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்து நான் தொடங்கியது அது. சென்னையிலிருந்து வரும் மாத நாவல்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வாங்குவோம். ஒரு வீட்டில் மூன்று நாள் இருக்கும், பிறகு அடுத்த வீடு. பின்னட்டையின் உட்புறத்தில் நான் ஒரு சீட்டு ஒட்டுவேன். அதில் நான்கு கட்டங்கள்: வீட்டு எண், வந்த தேதி, போன தேதி, கருத்து. கருத்து எழுதாத வீட்டுக்கு அடுத்த புத்தகம் கிடையாது. இந்த விதி என்னுடையது. பாதுகாப்புத் துறையின் சரக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவனுக்கு, ஒரு பொருள் கைமாறும்போது கையெழுத்தோடு ஒரு வரியாவது இல்லாவிட்டால் மனம் ஒப்பாது. ஆரம்பத்தில் பத்தொன்பது வீடுகள். 2007இல் பதினொன்று.

இந்த நாவல் 128 பக்கம். ஓசூர்ப் பக்கத்தில் ஒரு குதிரைப் பண்ணை. அங்கே கணக்கு எழுத வருகிற ஒரு பெண், அதிகம் பேசாத ஒரு குதிரைப் பயிற்சியாளன், நடுவில் ஒரு கொலை. எழுதியவள் என் மனைவி.

இது சுற்றில் யாருக்கும் தெரியாது. புனைபெயர் போட்டிருந்தாள். அறுபத்தொரு வயதில் அவள் எழுதிய முதல் கதை. மலக்பேட் பக்கம் பஸ்ஸில் போகும்போது பந்தயக் குதிரைகளை நடத்திக்கொண்டு போவதை நாலைந்து முறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். குதிரையோடு அவளுக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான். மீதி எல்லாம் அவளே நினைத்து எழுதியது. பதிப்பாளர் கடிதம் போட்டிருந்தார்: ஆகஸ்ட் கடைசிக்குள் அடுத்த நாவல் கிடைத்தால் தீபாவளி மாதத்துக்குப் போடலாம் என்று. அவள் பதில் எழுதவில்லை.

"நம்ம சுத்துல போகட்டும். யார் எழுதினதுன்னு தெரியாம அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கறேன். நல்லா இல்லேன்னா இத்தோட விட்டுடறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றாள்.

அன்றிலிருந்து முப்பத்து மூன்று நாள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒவ்வொரு மூன்றாம் நாளும் ஸ்கூட்டரில் போய் ஒரு வீட்டில் எடுத்து இன்னொரு வீட்டில் கொடுப்பேன். வழியில் சீட்டைப் பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை. ஆனால் அவளிடம் சொல்லவில்லை. முழுச் சுற்றும் முடிந்த பிறகுதான் காட்ட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.

மெட்டுகுடாவில் முதல் வீட்டுக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்தவர், இப்படி எழுதினார்: "96ஆம் பக்கம் வரை கொலைகாரன் யார் என்று தெரியவில்லை. 97இல் தெரிந்துவிட்டது. மீதி 31 பக்கத்தைக் கடமைக்குப் படித்தேன்." இரண்டாம் வீடு: "குதிரை அதிகம். காதல் குறைவு." மூன்றாம் வீட்டு அம்மாள்: "காதல் அதிகம். நம் வயதுக்கு இதெல்லாம் தேவையா?" அதற்குக் கீழேயே, இரண்டு நாள் தள்ளித் தேதி போட்டு, "மறுபடி ஒரு தரம் படித்தேன்" என்றும் இருந்தது.

நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிற குடும்பம் ஒன்று ஐந்தாம் வீடு. அவர்கள் பேசுவது போலவே உருது கலந்து எழுதுவார்கள்: ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. "ஹவ், கதை நல்லா இருக்கு. பண்ணை மேனேஜர் அச்சு அசல் எங்க பழைய பேங்க் மேனேஜர். ஹீரோ நக்கோ. வாயே திறக்க மாட்டேங்கறான், இவனைக் கட்டிட்டு அவ கைக்குச் சிரமப்படணும்?" ஏழாம் வீடு பேகம்பேட்டில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் தம்பதி. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது. மாமியார் வாசிக்க வாசிக்கக் கேட்டு, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தாள்: "செம த்ரில். அத்தை பாதியில எழுந்து சமைக்கப் போகப் பார்த்தாங்க, நான் விடல. அன்னிக்கு நான்தான் சமைச்சேன், அவங்க படிச்சாங்க." எட்டாம் வீட்டுக்காரர் "படித்தேன்" என்று எழுதியிருந்தார். எட்டு வருடமாக எந்தப் புத்தகத்துக்கும் அவர் எழுதுவது அந்த ஒரு சொல்தான். ஒன்பதாம் வீடு: "கதாநாயகி 14ஆம் பக்கத்தில் நீலப் புடவை, 15இல் பச்சை. நடுவில் மாற்றியதாகத் தகவல் இல்லை." அச்சுக்குப் போகுமுன் இரண்டு முறை பிழை பார்த்தவன் நான். அது என் கண்ணில் படவில்லை.

ஆக, பத்து வீடு தாண்டியபோது நான் போட்ட கணக்கில் ஏழு சாதகம், இரண்டு பாதகம், ஒன்று "படித்தேன்". எனக்கு மூச்சு வந்தது. மீதி இருந்தது டாக்டர் வீடு.

டாக்டர் என்றால் கால்நடை டாக்டர். வேலூர்க்காரர். ராணுவத்தில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். சுற்றில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் ஒரு வீட்டைத் தாண்டி விட நான் வைத்த விதியிலேயே இடம் இல்லை.

வாசலில் புத்தகத்தை நீட்டியபடியே அவர் கேட்டார்: "சார், இதை எழுதின ஆள் குதிரையைப் பார்த்திருக்கானா?"

"ஏன் டாக்டர்?"

"அம்பத்தெட்டாம் பக்கத்துல ஒரு பெட்டைக் குதிரைக்கு விஷம் வைக்கிறாங்க. அது வாந்தி எடுக்குது. அந்த வாந்தியைச் சோதிச்சுத்தான் மேனேஜரைப் பிடிக்கிறாங்க. சார், குதிரை வாந்தி எடுக்காது சார்."

"கொஞ்சம்கூடவா?"

"ஒரு சொட்டுகூட. அதோட இரைப்பை வாசல் அப்படி. உள்ளே போனது போனதுதான். முப்பது வருஷம் கூடவே இருந்தேன், எடுத்திருந்தா என் சட்டை மேலதான் எடுத்திருக்கும்."

நான் சிரிக்கவில்லை. அந்த வாந்தி நான் கொடுத்தது. எழுதும்போது அவள் சமையலறையிலிருந்து கேட்டாள், "என்னங்க, குதிரை வாந்தி எடுக்குமா?" நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எல்லாப் பிராணியும் எடுக்கும், குதிரை மட்டும் எடுக்காதா?" என்றேன். அவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதையே சொன்னேன். ஒரு பெட்டி ஆணி வந்தாலும் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன் நான்.

"சீட்டுல இடம் பத்தலை. தனித்தாள்ல எழுதிப் பின் அடிச்சிருக்கேன்" என்றார் டாக்டர். "உள்ளே வாங்க சார், காபி சாப்பிடலாம்." மழையைக் காரணம் சொல்லிக் கிளம்பினேன்.

வழியில் ஒரு பெட்ரோல் பங்கின் கூரைக்கடியில் ஸ்கூட்டரை நிறுத்திப் பிரித்தேன். இரண்டு பக்கம், நீல மை. முதல் பக்கத்தில் வரிசை எண் போட்டு ஒன்பது குற்றங்கள். பயிற்சி எடுக்கும் குதிரைக்கு முழுக்கப் பச்சைப் புல்லே தீனி என்பது தவறு. குட்டி ஈனும் காலம் ஒன்பது மாதம் இல்லை, பதினொன்று. ஒன்பதாவது வாந்தி, அதற்குக் கீழே இரண்டு கோடு. இரண்டாம் பக்கமும் இதே போலத்தான் இருக்கும் என்று நினைத்தேன். படிக்கத் தைரியம் வரவில்லை. பின்னைக் கழற்றி, தாளை மடித்து, ஸ்கூட்டர் பெட்டியில் ஸ்பானருக்கு அடியில் வைத்தேன்.

ஆனால் சீட்டில், பதினொன்றாம் வீட்டுக் கட்டத்தில், டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்: "இணைப்பு: 2 பக்கம்." அதை மை தடவி அடித்துவிடலாம். பேனா சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக்கூடப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் பிறர் போட்ட பதிவை நான் திருத்தியதில்லை. கை வரவில்லை. தாளை ஒளிக்க வந்த கை, ஒரு வரியை அடிக்க வரவில்லை. அவள் மேலே பத்து வீட்டுக் கருத்தையும் படித்துச் சந்தோஷத்தில் கடைசி வரியைக் கவனிக்காமல் விட்டுவிடுவாள் என்று நம்பி வீட்டுக்கு வந்தேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை மேலிருந்து கீழே படித்தாள். ஐந்தாம் வீட்டில் சிரித்தாள். ஏழாம் வீட்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒன்பதாம் வீட்டுக்கு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இணைப்பு எங்கங்க?"

"எந்த இணைப்பு?"

"டாக்டர் வீடு. ரெண்டு பக்கம்னு போட்டிருக்கு."

"மழை. நனைஞ்சு கிழிஞ்சு போச்சு."

அவள் புத்தகத்தை எடுத்து விரலால் பக்கங்களை விசிறிப் பார்த்தாள். காகிதம் மொறமொறவென்று ஓடியது.

"புஸ்தகம் நனையல. இணைப்பு மட்டும் தனியா நடந்து வந்துச்சா?"

நான் கீழே போய் எடுத்து வந்தேன். நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தாள். அந்த நேரம் நான் சமையலறைக் குழாய் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று.

"வாந்தி எடுக்காதாமே" என்றாள்.

"ஆமா."

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்." பிறகு அவளைத் தேற்றுவதாக நினைத்து, "பதினொரு வீட்டுல பத்து வீட்டுக்கு இது தெரியல. ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"அந்த ஒருத்தருக்குத்தாங்க குதிரையைத் தெரியும். மத்த பத்து பேருக்கும் எனக்குத் தெரிஞ்ச அளவுதான் தெரியும். அவங்க நல்லாருக்குன்னு சொல்லி என்ன பண்ண?"

இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். அவள் தாளைத் திருப்பி இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். படித்த பிறகு என்னிடம் நீட்டினாள். "இதைப் படிச்சீங்களா?"

"இல்லை."

அதில் எண்கள் இல்லை. டாக்டர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "71ஆம் பக்கத்தில் அந்தப் பெண் லாயத்தில் தனியாக நிற்கிறாள். குதிரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் தீனி மெல்லுவதை நிறுத்துகின்றன. யாரோ வந்துவிட்டார்கள் என்று அதனால் அவளுக்குத் தெரிகிறது. இது நிஜம். நானே அப்படி நின்றிருக்கிறேன். இதை எழுதியவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. அந்த இடத்தில் என் டீ ஆறிவிட்டது. பதிப்பாளர் மூலம் அவருக்குச் சொல்ல முடிந்தால் சொல்லவும்: அடுத்ததை எழுதுமுன் ஒரு முறை குதிரையைப் பக்கத்தில் வந்து பார்க்கட்டும். ஷாமீர்பேட் தாண்டி எனக்குத் தெரிந்த பண்ணை இருக்கிறது."

நான் படித்து முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள். "இதைப் போய் ஸ்பானருக்குக் கீழே வெச்சீங்களே" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை.

மறுநாள் காலை அவளே டாக்டருக்குப் போன் செய்தாள். தான்தான் எழுதியது என்று சொன்னாள். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "ஐயோ, ஆளு, அவன் இவன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட என்னென்னமோ பேசிட்டேனேம்மா!"

"பரவாயில்லை டாக்டர். பேசினதெல்லாம் அவருக்கே போகட்டும். அந்த வாந்தி அவரோடதுதான்" என்றாள் என் மனைவி.

அடுத்த ஞாயிறு வாடகைக் காரில் மூவரும் போனோம். நான் வேலியோரம் நின்றுகொண்டேன். அவள் நேராக ஒரு செம்பழுப்புப் பெண் குதிரையின் பக்கத்தில் போய் நின்றாள். அதன் தோள் அவள் தலைக்குச் சமமாக இருந்தது. தொடப் பயந்து இரண்டு முறை கையை இழுத்துக்கொண்டு, மூன்றாம் முறை கழுத்தில் வைத்தாள். பிறகு குதிரை பார்த்துக்கொள்கிறவரிடம் தெலுங்கில் கேட்க ஆரம்பித்தாள். வயிற்றில் கோளாறு என்றால் இது எப்படிக் காட்டும்? அவர் சொன்னார்: முன்காலால் தரையைப் பறிக்கும், படுத்துப் புரளும். அதற்கெல்லாம் முன்னால், கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்க்கும், உள்ளே யாரோ இருக்கிற மாதிரி. அவள் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். ஒன்பது பக்கம் எழுதினாள். காரில் திரும்பும்போது டாக்டரும் அவளும் விஷங்களைப் பற்றியே பேசினார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடியே வந்தார்.

அன்று மாலையே பதிப்பாளருக்குப் பதில் எழுதினாள். இந்த முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சந்தேகம் வந்தால் உப்பலுக்குப் போன் போனது. ஆகஸ்ட் 27, திங்கட்கிழமை, கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் பக்கம் மட்டும் எண்ணச் சொன்னாள். 212. மறுபடியும் எண்ணினேன், 212. நானே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

அடுத்த நாவலுக்கு என் கணக்கில் ஆன செலவு: கார் வாடகை 950, ஓட்டுநருக்கு டிபன் 40, குதிரைக்குக் கேரட் இரண்டு கிலோ 28, குதிரை பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுத்தது 100, அவளுக்கு நோட்டுப் புத்தகம் மூன்று 54, தபால் 58. ஆக மொத்தம் ரூபாய் 1,230.